தலைவரின் பெருவிரலுக்கு ஒரு தோட்டா!

டமார்!

பாரிஸின் லா சப்பலில் பட்டப்பகலில் இப்படி ஒரு சத்தம் கேட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தலைக்கு மேலே மெத்ரோ ரயில் ஓடும். கீழே மீன் பெட்டி இறக்குவார்கள். எல்லாமே டமார்தான்.

ஆனால் இந்த டமாருக்குப் பின்னால் ஓர் அலறல் வந்தது.

"ஐயோ...! என்ர அம்மா...!"

ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் இருந்த 'வாமதேவன் நகை மாளிகை'க்குள் தெருவே நுழைந்தது. மாளிகை என்பது பெயர்ப்பலகையில் மட்டும்தான். உள்ளே நாலு பேர் நின்றால், ஐந்தாவது ஆள் மூச்சை வெளியே விட்டுவிட்டுத்தான் வர வேண்டும்.

கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் தரையில் கிடந்தார் வாமதேவன்.

கடையின் முதலாளி. வர்த்தகர் சங்கத் தலைவர். கலை மன்றத் தலைவர். இன்னும் யாரும் கேட்காமலே தொடங்கிய மூன்று மன்றங்களுக்கும் தலைவர். அன்று பின்னேரம் கலைவிழா. அதற்காகப் பட்டு வேட்டி, பட்டுச் சால்வை, நெற்றியில் பெரிய பொட்டு...

கண்கள் மூடியிருந்தன. வெள்ளைத் தரையில் சிவப்பு!

பக்கத்தில் ஒருவன் கையில் பிஸ்டலோடு நின்றான். தவரத்தினம். அந்தக் கடையில் நகை செய்யும் தொழிலாளி. அவன் முகத்தில் இரத்தமே இல்லை. எல்லாம் தரையில் இருந்தது.

"செத்திட்டார்..." என்றது ஒரு குரல்.

"அப்ப இண்டைக்குக் கலைவிழா?"

"நடக்கும். அவரின்ர பேச்சு மட்டும் இல்லை."

கூட்டம் பெருமூச்சு விட்டது. துக்கம்தான்... வேறென்ன!

"கண்ணீர் அஞ்சலி நோட்டீசு அடிக்கக் குடுக்கோணும். தலைவர் எண்டு போடுறதோ? பெருந்தலைவர் எண்டு போடுறதோ?"

பிணம் ஒரு கண்ணைத் திறந்தது.

"பெருந்தலைவர்..." என்றது.

கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. பிணம் மற்றக் கண்ணையும் திறந்தது. சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தது. தெருவில் உள்ள அத்தனை கடைக்காரர்களும் நின்றார்கள். எல்லோருடைய வாயிலும் ஒரே கேள்வி தொங்கியது... என்ன நடந்தது?

வாமதேவனின் விரல் மெல்ல உயர்ந்தது. தவரத்தினத்தின் மார்புக்கு நேரே நின்றது.

"இவன்தான்...! இவன்தான் என்னைச் சுட்டவன்!"

"முதலாளி...! நானோ?"

---

1987. அக்டோபர் மாதம். குளிர் இன்னும் முழுதாக வரவில்லை. ஆனால் காவல் நிலையத்தின் அந்தச் சிறிய அறையில் தவரத்தினத்தின் பற்கள் தந்தியடித்தன.

எதிரே உட்கார்ந்திருந்தவர் இன்ஸ்பெக்டர் ழான்-லூக். புதுச்சேரிப் பெற்றோருக்குப் பிறந்த பிரெஞ்சுப் போலீஸ்காரர். தமிழ் தெரிந்த ஒரே குற்றத்துக்காக, லா சப்பலின் எல்லாத் தகராறுகளும் அவர் மேசைக்கே வந்து சேரும்.

நிலையத்தின் தலைமை அதிகாரியான கொமிசேர் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார்.

"பாதிக்கப்பட்டவர் இவனைக் காட்டுகிறார். பிஸ்டலில் இவன் கைரேகை. கொலை முயற்சி. மாலை ஆறு மணிக்கு நீதிபதியிடம் அனுப்புகிறோம். அதுவரை உங்கள் மொழியில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசிக் கொள்ளுங்கள்!"

தலை மறைந்தது.

"என்ன ஐயா சொல்லுறார்?"

"ஆறு மணிக்கு மேல என் கையில இல்லைன்னு சொல்றார். அதுக்கப்புறம் ஜெயில். பதினஞ்சு வருஷம்கூட ஆகலாம்."

"பதினைஞ்சோ...! ஐயா, என்ர மனுசி யோகராணிக்கு இது ஏழாம் மாசம். நான் வெளியிலை வர, பிள்ளைக்கு மீசை முளைச்சிடுமே!"

"அப்ப நடந்ததைச் சொல்லுங்க."

"நான் பின்னாலை பட்டறையிலை ஒரு தாலிக்கொடிக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டு இருந்தனான். வெடிச் சத்தம் கேட்டுது. ஓடி வந்தன். முதலாளி கிடந்தார். பக்கத்திலை துவக்குக் கிடந்தது. எடுத்தன்."

"ஏன்யா எடுத்தீங்க? அதை அப்படியே விடக்கூடாதா?"

"நகைக் கடை ஐயா! கீழை ஒரு பொட்டுக் கிடந்தாலும் குனிஞ்சு எடுத்து மேலை வைக்கிறதுதான் இத்தினை வருசமாய் எனக்குப் பழக்கம். கை தானாய்ப் போயிட்டுது!"

ழான்-லூக் அவனைப் பார்த்தார். பொய் சொல்கிறவன் இதைவிட நல்ல காரணம் வைத்திருப்பான்.

"உங்களுக்கும் அவருக்கும் ஏதாவது சண்டை?"

தவரத்தினம் தயங்கினான்.

"போன கிழமை... வேலையை விட்டிட்டுப் பக்கத்திலை ஒரு சின்னக் கடை போடப் போறன் எண்டு சொன்னனான்."

"அவர் என்ன சொன்னார்?"

"தலைவர் ஒருத்தர் இருக்கேக்கை இந்தத் தெருவுக்கு இன்னொரு நகைக் கடை எதுக்கு எண்டு கேட்டார்."

"அவ்வளவுதானா?"

"இல்லை ஐயா. அதையே ரெண்டு மணித்தியாலம் கேட்டார்."

---

மருத்துவமனைக் கட்டிலில் வாமதேவன் படுத்திருந்தார். வலது கால் பெருவிரலுக்குப் போட்ட கட்டு ஒரு முட்டைக்கோஸ் அளவுக்கு இருந்தது. அதைத் தலையணை மேல் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருந்தார்.

ழான்-லூக் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"சொல்லுங்க சார்."

வாமதேவன் தொண்டையைச் செருமினார்.

"அன்பார்ந்த இன்ஸ்பெக்டர் அவர்களே! பாரிஸ் மாநகரின் இந்தப் பகுதியிலே, எமது வர்த்தகப் பெருமக்களின் வாழ்விலே, இன்று ஒரு கறுப்பு நாள்..."

"சார். இது மேடை இல்லை. கட்டில்."

"ஓமோம்... என்ன சொன்னனான்? கறுப்பு நாள்! அந்த நன்றி கெட்டவன் எனது நெஞ்சுக்கு நேரே குறி வைத்தான். கண் இமைக்கும் நேரம்! இடது காலை ஊன்றினேன்... வலது காலால் துவக்கை ஓங்கி ஓர் உதை! அப்போது வெடித்தது. தோட்டா என் விரலைத் துளைத்தது!"

"பட்டு வேட்டியோடவா உதைச்சீங்க?"

"வேட்டி வீரனுக்குத் தடை அல்ல!"

"உங்க பிஸ்டல்தானே? போன வருஷம் கடைக்குத் திருடன் வந்தப்புறம் அனுமதி வாங்கினது. அதை எப்பவும் இடுப்பிலதான் செருகி வெச்சிருப்பீங்கன்னு தெருவே சொல்லுது. அவன் கைக்கு எப்படிப் போச்சு?"

வாமதேவன் கூரையைப் பார்த்தார். கூரை உதவவில்லை.

"இண்டைக்கு... மேசையிலை வைச்சிருந்தனான்."

மேடைத் தமிழ் காணாமல் போயிருந்தது. ழான்-லூக் அதைக் கவனித்தார்.

வெளியே வந்தபோது ஒரு பெண் டாக்டர் சிறிய எவர்சில்வர் கிண்ணத்தை நீட்டினார்.

"முசியே, விரலில் இருந்து எடுத்தது இதுதான்."

உள்ளே ஒரு வெள்ளைச் சில்லு.

"தோட்டா எங்கே?"

"தோட்டா அவரைத் தொடவே இல்லை. இது தரை ஓட்டின் துண்டு. கட்டை அவர்தான் பெரிதாகப் போடச் சொன்னார்."

ழான்-லூக் உதட்டைக் கடித்துச் சிரிப்பை நிறுத்தினார்.

சுடப்பட்டது தலைவர் அல்ல... தரை!

நேரே கடைக்குப் போனார். அலமாரிக்குப் பின்னால் ஓடு நொறுங்கியிருந்தது. நடுவில் ஓட்டை. பென்சிலை எடுத்து உள்ளே விட்டார். பென்சில் சாயவில்லை. கொடிக்கம்பம் போல நெட்டுக்குத்தாக நின்றது!

யோசித்தார். கீழிருந்து காலால் உதைத்தால் பிஸ்டல் மேலே போகும். ஓட்டை கூரையில் அல்லவா இருக்க வேண்டும்? சரி... எதிரே நின்றவன் காலைப் பார்த்துச் சுட்டான் என்றால் ஓட்டை சாய்வாக இருக்கும். இது நட்ட நடுச் செங்குத்து! மூக்குக் குப்புற விழுந்த பிஸ்டல் ஒன்றுதான் இப்படி நேர் கீழே சுடும்.

கடைத் தொலைபேசியில் கொமிசேரைக் கூப்பிட்டார்.

"பிஸ்டல் அவர் இடுப்பில் இருந்து விழுந்து வெடித்திருக்கலாம், முசியே."

"விழுந்தா? என் கையில் அந்த மாடலின் விளக்கத்தாள் இருக்கிறது, ழான்-லூக். எங்கிருந்து விழுந்தாலும் வெடிக்காதாம். உள்ளே பூட்டு இருக்கிறதாம். யாரோ விசையை இழுத்திருக்க வேண்டும். யார் இழுத்தது என்று நமக்குத் தெரியும். ஆறு மணி!"

டொக்.

---

பிஸ்டல் என்றால் லா சப்பலில் ஒரே ஒரு ஆள்தான். இஞ்ஞாசி. பிரெஞ்சு ராணுவத்தில் ஆயுதங்களைப் பழுது பார்த்த புதுச்சேரிக்காரர். ஓய்வு பெற்றவர். இந்தோசீனாப் போரைப் பற்றித் தினமும் பேசி அதை முடியவிடாமல் வைத்திருப்பவர்.

இன்னொரு தகுதியும் உண்டு. ழான்-லூக்கின் மாமனார்!

மெத்ரோ வாசலில் உள்ள கஃபேயில் வழக்கமான மேசையில் இருந்தார். மீசையும் பதக்கமும் பளபளத்தன.

"மாமா, ஒரு சந்தேகம். பிஸ்டல் கீழ விழுந்தா தானா வெடிக்குமா?"

"உக்காரு. போலீஸ்ல இதெல்லாம் சொல்லித் தர மாட்டாங்க. எங்க ஆர்மியில..."

"மாமா, ஆறு மணிக்குள்ள..."

"சரி, சரி! தோட்டாவோட முதுகுல ஒரு சின்ன மருந்துப் பொட்டு இருக்கும். அதை ஒரு ஊசி இடிச்சாத்தான் வெடி. அடி ஊசி. நாங்க பெர்க்குத்தர்னு சொல்லுவோம். விசையை இழுத்தா சுத்தியல் ஊசியைத் தட்டும். புரியுதா?"

"புரியுது."

"இப்ப பிஸ்டல் மூக்குக் குப்புற விழுதுன்னு வெச்சுக்க. தரையில பட்டதும் பிஸ்டல் நின்னுடும். உள்ள இருக்கிற ஊசி நிக்காது. பஸ் சடார்னு பிரேக் போட்டா, உள்ள நிக்கிறவன் முன்னாடி போயி எவ மேலயாவது விழறான் பாரு... அந்த மாதிரி! ஊசி முன்னால பாயும். மருந்துல இடிக்கும். டமார்!"

"அப்ப வெடிக்கும்!"

"அவசரக்குடுக்கை! பழைய பிஸ்டல்னா வெடிக்கலாம். வாமதேவன்கிட்ட இருக்கிறது புது மாடல். அதுல ஊசி டைட்டானியம். லேசு. எடை இல்லாதவன் எவ்வளவு வேகமா இடிச்சு என்ன ஆகப்போவுது? அதைப் பின்னால பிடிச்சு வெக்க முறுக்கான ஸ்பிரிங். அதுக்கும் மேல, ஊசிக்குக் குறுக்க ஒரு குட்டிப் பூட்டு. விசையை இழுத்தாத்தான் பூட்டு விலகும். ஈஃபில் டவர்ல இருந்து போட்டாலும் வெடிக்காது!"

"நிச்சயமா?"

"என் பதக்கம் மேல சத்தியம். ஒன் ஆளு சுட்டிருக்கான். உள்ள தள்ளு."

இஞ்ஞாசி காப்பிக் கோப்பையை எடுத்தார். குடிக்காமலே திரும்ப வைத்தார்.

"ஆமா... அந்தப் பிஸ்டலை... பிரிச்சுப் பாத்தீங்களா?"

"இன்னும் இல்ல."

"பிரிக்காத! சாட்சிப் பொருள்! அப்படியே இருக்கட்டும்... அதுதான் முறை."

ழான்-லூக் எழுந்தார். இத்தனை வருடத்தில் மாமா 'அப்படியே இருக்கட்டும்' என்று எந்தப் பொருளையும் விட்டதில்லை. போன மாதம்தான் நன்றாக ஓடிக்கொண்டிருந்த வீட்டுக் கடிகாரத்தைத் திருத்தினார். இப்போது அது சுவரில் அழகாக இருக்கிறது... ஓடவில்லை.

---

காவல் நிலையத்தின் பின்னறை.

ழான்-லூக் ஒரு தோட்டாவின் தலையைக் கழற்றி மருந்தைக் கொட்டினார். முதுகில் உள்ள பொட்டு மட்டும் மிச்சம். வெறும் கூடு. அதைப் பிஸ்டலில் ஏற்றினார். ஒரு விளக்கமாற்றுக் கம்பில் பிஸ்டலை மூக்குக் கீழாகக் கட்டி இடுப்பு உயரத்துக்குத் தூக்கினார். தள்ளி நின்றுகொண்டு, கல் தரையில் விட்டார்.

டப்!

பக்கத்து அறையில் கொமிசேரின் நாற்காலி விழுந்தது. அதற்குப் பிறகு கொமிசேர் ஓடி வந்தார்.

"யார் சுட்டது?"

"புவியீர்ப்பு, முசியே."

பிஸ்டலைப் பிரித்தார்கள். உள்ளே ஊசி ஓடும் துளையின் ஓரமெல்லாம் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. கொமிசேரின் கண்கள் மின்னின.

"போதைப் பொருள்!"

முப்பது வருட அனுபவத்தோடு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் கோணியது.

"சந்தனம், முசியே. எங்கள் ஆட்கள் சாமிக்குப் பூசுவார்கள்."

கொமிசேர் சத்தம் காட்டாமல் கைக்குட்டையைத் தேடினார்.

ழான்-லூக் ஊசியை வெளியே இழுத்தார். லேசான டைட்டானியம் இல்லை. கறுத்துப் போன கனத்த எஃகு! ஸ்பிரிங் ஊறிய சேமியா மாதிரி துவண்டது. பூட்டு இருக்க வேண்டிய இடத்தில்... ஒன்றுமே இல்லை. வெறும் ஓட்டை!

"பார்த்தீர்களா? யாரோ பூட்டைக் கழற்றி, ஊசியை மாற்றியிருக்கிறார்கள். இது விழுந்தால் வெடிக்கும். தவரத்தினம் நிரபராதி!"

கொமிசேர் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"அப்படியா? இவ்வளவு சின்ன உறுப்பைக் கழற்ற நுணுக்கமான கை வேண்டும். குட்டிக் குட்டி இடுக்கி வேண்டும். உங்கள் தவரத்தினம் என்ன தொழில்?"

ழான்-லூக் கையில் இருந்த ஊசியை மேசையில் வைத்தார்.

"நகை... செய்கிறவன்."

"அருமை! கோபத்தில் சுட்டான் என்று நினைத்தேன். திட்டம் போட்டுப் பொறி வைத்திருக்கிறான். இதற்கு இன்னும் அதிக வருடம். நன்றி, ழான்-லூக். நல்ல துப்பறிவு!"

காப்பாற்றப் போய்க் கழுத்தில் இன்னொரு முடிச்சுப் போட்டாயிற்று!

சுவரில் மணி ஐந்தேகால்.

---

வரவேற்பு மேசையில் ஒரு பெண் டிபன் கேரியரோடு நின்றார். கம்பளிச் சால்வை, குங்குமம், கறாரான கண்கள். வாமதேவனின் மனைவி கோசலை.

"தம்பி, சாப்பாடு குடுக்கலாமோ? இடியப்பமும் சொதியும்."

"உங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில இல்ல இருக்கார்?"

"இது அவருக்கில்லை. தவத்துக்கு. காலமையிலையிருந்து பொடியன் ஒண்டும் தின்னேல்லை."

"உங்க புருஷனைச் சுட்டவன்னு..."

"அவனோ? கரப்பான் பூச்சியைக் கூடக் கடதாசியிலை ஏந்திக்கொண்டுபோய் வெளியிலை விடுறவன். நான் அப்ப சாமான் வாங்கப் போயிட்டன், இல்லாட்டி அங்கையே சொல்லியிருப்பன்."

ழான்-லூக் அவரை உட்கார வைத்தார்.

"அம்மா, ஒரு விஷயம். பிஸ்டலுக்குள்ள சந்தனம் எப்படிப் போச்சு?"

"வேறை எப்பிடி? ஆயுத பூசை!"

"பிஸ்டலுக்கா?"

"ஏன் தம்பி, அது ஆயுதம் இல்லாமல் அகப்பையோ? பட்டறைச் சாமான் எல்லாத்தையும் சாமிக்கு முன்னாலை வைச்சம். இவர் துவக்கை நடுவிலை வைச்சார். ஒரு பொட்டு வைச்சால் காணும் எண்டு சொன்னனான். கேட்டாரோ? தலைவரின்ர ஆயுதமாம். உள்ளுக்கும் சக்தி வேணுமாம். பன்னீர் விட்டுத் தண்ணியாய்க் கரைச்சு ஓட்டை ஓட்டையாய் விட்டார். ரெண்டு நாளிலை காய்ஞ்சு இறுகிப்போச்சு. விசை அசையேல்லை."

"அப்புறம்?"

"துப்பரவாக்கக் குடுத்தவர்."

"யார்கிட்ட? தவரத்தினத்துக்கிட்டயா?"

மூச்சைப் பிடித்துக்கொண்டார் ழான்-லூக்.

"சீச்சீ! தவம் அதைக் கையாலையும் தொடமாட்டன் எண்டிட்டான். உங்கட மாமா இருக்கிறாரல்லோ... மீசை? அவரிட்டைத்தான்."

---

இஞ்ஞாசி காவல் நிலையத்துக்குப் பதக்கத்தோடுதான் வந்தார். மேசையில் விரித்து வைத்த பிஸ்டலைப் பார்த்தார். கனத்த ஊசியைப் பார்த்தார். மருமகனைப் பார்க்கவில்லை.

"பிரிக்காதன்னு சொன்னேனே..."

"மாமா!"

"பின்ன என்னடா! ஆயுதத்துக்குள்ள சந்தனம்! நம்ம ஆளுங்ககூட கார் வாங்கினா சர்ச் சாமியாரைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளிக்கிறாங்க. எஞ்சினுக்குள்ளயா ஊத்தறாங்க? பூட்டு பிசினாட்டம் ஒட்டிக்கிச்சு. நோண்டி எடுத்துத் தூரப் போட்டேன். எங்க காலத்துல அதெல்லாம் ஏது?"

"ஊசி?"

"அந்த டைட்டானியமா? கையில வெச்சா வெத்தலைக் காம்பு மாதிரி இருந்துச்சு. ஆம்பிளை வெச்சிருக்கிற பிஸ்டலுக்கு இரும்பு ஊசிதான் லட்சணம். என்கிட்ட இருந்த பழைய உறுப்புல ஒண்ணு போட்டேன். கச்சிதமா உக்காந்துச்சு."

"ஸ்பிரிங்?"

இஞ்ஞாசி நெஞ்சை நிமிர்த்தினார்.

"அது இந்தோசீனா பாத்த ஸ்பிரிங்!"

"மாமா... அது ரிட்டயர் ஆகி முப்பது வருஷம் ஆச்சு."

"நானுந்தான். நான் துவண்டா போயிட்டேன்?"

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தவரத்தினம் இடியப்பத்தைத் தொடாமல் கேரியர் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பவே தெரியும் இல்ல உங்களுக்கு? கஃபேல என்கிட்ட சத்தியம் பண்ணீங்களே!"

இஞ்ஞாசியின் மீசை கொஞ்சம் இறங்கியது.

"பாரிஸ் முழுக்க என்னை ஆயுத நிபுணன்னு சொல்றாங்கடா. ஒரு பூட்டை மறுபடி மாட்டத் தெரியலைன்னு எப்படிச் சொல்லுவேன்? மாட்டிப் பாத்தேன். முடியல. கண்ணு சரியாத் தெரியல."

"அந்த ஆளுக்கு ஏழாவது மாசத்துல ஒரு பொண்டாட்டி இருக்கா, மாமா. அவன் பதினஞ்சு வருஷம் உள்ள இருப்பான். நீங்க கண்ணாடி போட வெக்கப்பட்டதுக்காக."

கிழவர் பதக்கத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார்.

"பேனா குடு. எங்க கையெழுத்துப் போடணும்?"

---

கொமிசேர் வாக்குமூலத்தைப் படித்தார். உறுமினார்.

"பொறி வைத்தவன் இவன் இல்லை என்று ஆகிவிட்டது. ஆனால் பிஸ்டல் விழுந்தது என்று யார் பார்த்தது? பாதிக்கப்பட்டவர் இன்னும் 'சுட்டான்' என்கிறாரே!"

"அவரே வாயைத் திறந்து மாற்றிச் சொன்னால்?"

"அந்த வாயா? அதை மூடத்தான் இதுவரை ஆள் கிடைக்கவில்லை. போய்ப் பாருங்கள்."

மருத்துவமனை அறைக்குள் ழான்-லூக் நுழைந்தார். பின்னால் விலங்கோடு தவரத்தினம். அதற்கும் பின்னால் கேரியரோடு கோசலை.

வாமதேவன் நிமிர்ந்தார்.

"அன்பார்ந்த..."

"சார், நான் பேசறேன். பட்டு வேட்டி வழுக்கும். ஒண்ணரைக் கிலோ பிஸ்டலை அது தாங்காது. கடையில நின்னு பேச்சு ஒத்திகை பாத்தீங்க. எந்த இடத்துலயோ உணர்ச்சிவசப்பட்டு ரெண்டு கையையும் மேல தூக்கினீங்க. மூச்சை உள்ள இழுத்தீங்க. வயிறு உள்ள போச்சு. பிஸ்டல் கீழ போச்சு. சரியா?"

வாமதேவன் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"இதோ, விழுந்தா வெடிக்கும்னு என் மாமனாரே கையெழுத்துப் போட்டுட்டார். இதுக்கு மேலயும் இவன் சுட்டான்னு நீங்க சொன்னா, பொய்ப் புகார். இந்த விலங்கு உங்க கைக்கு மாறும். சொல்லுங்க. என்ன நடந்துது?"

வாமதேவன் வாயைத் திறந்தார். மூடினார். தன் வாழ்நாளிலேயே மிகச் சிறிய உரையை ஆற்றினார்.

"விழுந்திட்டுது."

தவரத்தினம் விலங்கோடு கட்டிலருகே வந்தான்.

"ஏன் முதலாளி...? ஏன் என்னைச் சொன்னீங்கள்?"

"கண்ணைத் திறக்கத் தெருவே நிண்டது, தவம். தலைவர் தன்ர துவக்கைத் தானே விழுத்தி, ஓட்டுத் துண்டு குத்தி மயங்கினார் எண்டு எப்பிடிச் சொல்லுறது? நீ கையிலை பிடிச்சுக்கொண்டு நிண்டாய். வாயிலை வந்திட்டுது. வந்த பிறகு... திருப்பி எடுக்கத் தெரியேல்லை."

ழான்-லூக் விலங்கைக் கழற்றினார். தவரத்தினம் மணிக்கட்டைத் தேய்த்தான்.

"முதலாளி, பக்கத்திலை கடை போடேல்லை."

வாமதேவன் முகம் மலர்ந்தது.

"நேர் எதிரிலை போடுறன்!"

அவன் நடக்கவில்லை. ஓடினான். புறநகர் வீட்டுக்குப் போகும் கார்ஜ் லே கொனெஸ் ரயிலைப் பிடித்து யோகராணியிடம் போக வேண்டும்.

ழான்-லூக் வாக்குமூலத்தின் கடைசி வரியை எழுதிக்கொண்டே கேட்டார்.

"ஒண்ணு மட்டும் பாக்கி. பூசைக்கப்புறம் விசை இறுகிப்போச்சுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க? எங்க சுட்டுப் பாத்தீங்க?"

"சுட்டுப் பாக்கிறதோ?" வாமதேவன் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கு மட்டும் சொல்லுறன், தம்பி. வாங்கின நாளிலையிருந்து அந்த விசையிலை நான் ஒருக்காலும் விரல் வைச்சதில்லை. எனக்கு வெடிச் சத்தம் எண்டால் பயம்."

"பின்ன, இறுகிப்போச்சுன்னு யார் சொன்னது?"

"கோசலைதான் சொன்னவள்."

பேனா நின்றது.

இரண்டு தலைகளும் மெல்லத் திரும்பின.

கோசலை கேரியரின் கொக்கியை நிதானமாக மாட்டினார்.

"ஓம். நான்தான் இழுத்துப் பாத்தனான்."

"எதைக் குறி வெச்சும்மா?"

கோசலை கட்டிலைப் பார்த்தார்.

வாமதேவனின் வாய் திறந்தது. அதிசயம்... அதிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை!

"அண்டைக்கும் இந்தக் கலைவிழாப் பேச்சின்ர ஒத்திகைதான், தம்பி," என்றார் கோசலை. "விடியத் துவங்கினவர். நான் சமைச்சு, கழுவி, விளக்கும் வைச்சிட்டு வாறன்... இவர் இன்னும் 'எனது உரையைத் துவங்குமுன்' எண்டு சொல்லிக்கொண்டு நிக்கிறார். ரெண்டு தரம் இழுத்தனான். அசையேல்லை. சரி, சாமான் பழுது, திருத்தக் குடுங்கோ எண்டு சொல்லிவிட்டனான்."

ழான்-லூக் பேனாவை மூடிப் பையில் செருகினார்.

"கவலைப்படாதீங்க, மதாம். இன்னைக்கு அவர் பேசறதை நானும் கேட்டேன். சட்டத்துல நீங்க செஞ்சதுக்குப் பேரு கொலை முயற்சி இல்ல... தற்காப்பு!"